மரத்தில் பட்ட பிறகு: டிஸ்க் கோல்ஃபில் மீட்பு எறியும் விதிகளும்

டீ எனப்படும் தொடக்க இடத்தில் இருந்து விட்ட டிஸ்க் இருபது மீட்டர் போவதற்குள் ஒரு மரத்தண்டில் 'டொக்' என்று மோதுகிறது. பக்கவாட்டில் தெறித்து, விளிம்பில் நின்று கொஞ்சம் உருண்டு, புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. டிஸ்க் கோல்ஃப் ஆடுகிற எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். நேற்றுத் தொடங்கியவருக்கு ஒரு சுற்றில் பத்து முறை கேட்கும், உலகச் சாம்பியனுக்கும் அவ்வப்போது கேட்கும். அந்த மோதலில் நாம் இழப்பது ஒரு எறி. அதற்குப் பிறகு ஆத்திரத்தோடு எறிகிற எறியில்தான் இரண்டும் மூன்றும் சேர்ந்து போகின்றன.

புதருக்குள் கிடக்கும் டிஸ்க்கை அங்கிருந்து வெளியே கொண்டுவரும் எறியை மீட்பு எறி என்று சொல்லலாம். ஆடுகிறவர்கள் 'ரெக்கவரி' என்பார்கள், 'ஸ்கிராம்பிள்' என்பார்கள். இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கை வித்தையைத்தான் பேசுகிறோம். எந்தப் பிடி, எந்தச் சாய்வு, எந்த டிஸ்க் என்று. விதிப்புத்தகத்தைப் படிக்காமல் நல்ல மீட்பு எறி வராது என்பது என் எண்ணம். விதிகள் கையைக் கட்டிப்போடுகின்றன என்று நினைப்பவர்கள், அவை திறந்து வைத்திருக்கும் வழிகளைப் பார்ப்பதே இல்லை. மண்டியிடலாம், காலை அகட்டி நீட்டலாம், எந்தக் கையாலும் எறியலாம், டிஸ்க்கைத் தலைகீழாகப் பறக்கவிடலாம், தரையில் உருட்டலாம், ஒரு எறியை அபராதமாகக் கொடுத்துவிட்டு அங்கிருந்து கிளம்பவும் செய்யலாம். இத்தனையையும் அனுமதிக்கும் விதிகள் பிடிவாதமாக மறுப்பது ஒன்றைத்தான்: விழுந்த இடத்தை உன் வசதிக்காக மாற்றாதே.

இந்த ஆட்டத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாக. கோல்ஃப் போலவே, டீயிலிருந்து கூடைவரை உள்ள ஒவ்வொரு வழியையும் குறைந்த எறிகளில் முடிக்க வேண்டும். பந்துக்குப் பதில் டிஸ்க் என்ற பறக்கும் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் இதற்கு உருவம் கொடுத்தார். முதல் நிரந்தர மைதானம் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அடுத்த ஆண்டே பி.டி.ஜி.ஏ. என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை அவர் தொடங்கினார். சங்கிலிக் கூடைக்கான காப்புரிமை 1977-இல் கிடைத்தது. இன்று உலகெங்கும் போட்டிகளில் பின்பற்றப்படுவது பி.டி.ஜி.ஏ. வெளியிடும் விதிப்புத்தகம்தான். இந்தக் கட்டுரையில் விதி என்று சொல்வதெல்லாம் அதில் உள்ளவை.

கோல்ஃப் பந்து மரத்தடியில் சிக்கினால் மட்டையைச் சுழற்ற இடம் வேண்டும். இங்கே மட்டை நம் கைதான். தோளுக்கு மேலேயும் எறியலாம், முழங்காலுக்குக் கீழேயும் எறியலாம். அதனால்தான் இந்த ஆட்டத்தின் மைதானங்களை அடர்ந்த காட்டுக்குள்ளும் துணிந்து அமைக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வதை விபத்து என்று நினைக்க வேண்டியதில்லை, ஆட்டம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் கால் எங்கே?

புதரை நெருங்கியதும் எல்லோரும் இடைவெளியைத் தேடி மேலே பார்க்கிறோம். முதலில் கீழே பார்க்க வேண்டும். அடுத்த எறியை எங்கிருந்து எறிகிறோமோ அந்த இடத்துக்கு 'லை' என்று பெயர். டிஸ்க் நின்ற இடத்துக்கும் கூடைக்கும் நடுவே மனதில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், இடத்தைக் குறிக்கும் டிஸ்க்கின் பின்விளிம்பில் தொடங்கிப் பின்பக்கமாக, 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு செவ்வகம்தான் லை. ஒரு செருப்பைவிடக் கொஞ்சம் பெரிய இடம்.

டிஸ்க் கையை விட்டுப் போகும் கணத்தில் உடம்பின் ஏதாவது ஒரு தாங்குபுள்ளி அந்தச் செவ்வகத்துக்குள் தரையைத் தொட்டிருக்க வேண்டும். வேறு எந்தத் தாங்குபுள்ளியும் குறியின் பின்விளிம்பைவிடக் கூடைக்கு அருகில் இருக்கக் கூடாது. எல்லைக்கு வெளியேயும் எதுவும் இருக்கக் கூடாது. இவ்வளவுதான். தாங்குபுள்ளி பாதமாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. முழங்கால் போதும், முட்டி போட்டுக்கொண்டு ஊன்றிய கை கூடப் போதும். மறுபுறம், முன்னால் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டி எறிந்தால், அந்த மரத்தைத் தொடும் கையும் தாங்குபுள்ளியாகிவிடும். அது கூடைக்கு அருகில் இருப்பதால் பிழை. இந்தப் பிழைக்கு ஒரு எறி அபராதம்.

இதிலிருந்து கிடைக்கும் லாபத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கால் மட்டும் லையில் இருந்தால் போதும் என்றால், இன்னொரு காலைப் பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், அது கூடையை நெருங்காத வரைக்கும். வலது காலை லையில் ஊன்றி இடது காலை அகட்டிச் சாய்ந்தால் டிஸ்க் கையை விடும் இடம் லையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும். எதிரே நிற்கும் மரத்தண்டு அரை மீட்டர் அகலம்தான் என்றால், அந்தச் சாய்வில் மரம் வழியை விட்டு விலகிவிடுகிறது. நேராக நின்று பார்த்தபோது அடைத்துக்கொண்டிருந்த அதே மரம். ஆகவே நிற்கும் இடத்திலிருந்து கண்ணால் பார்ப்பதை நம்பக் கூடாது. கை எங்கே டிஸ்க்கை விடப்போகிறதோ அந்த உயரத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் தலையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சின்ன உரிமை குறியிடுவதில் இருக்கிறது. எறிந்த டிஸ்க்கை அப்படியே தரையில் விட்டு அதையே குறியாகக் கொள்ளலாம். அல்லது அதன் முன்விளிம்பைத் தொட்டாற்போல், கூடை நோக்கிய கோட்டில், மினி எனப்படும் சிறு குறி டிஸ்க்கை வைத்துவிட்டு எறிந்த டிஸ்க்கை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடையே ஒரு டிஸ்க்கின் விட்டம், ஏறத்தாழ 21 செ.மீ., வித்தியாசம். திறந்த வெளியில் இது ஒன்றுமே இல்லை. வேரும் கல்லும் நிறைந்த புதருக்குள் 21 செ.மீ. என்பது கால் சமமாக ஊன்றுவதற்கும் வழுக்குவதற்கும் நடுவே உள்ள தூரம். மினியை வைப்பதற்கு முன்பே இரண்டு இடத்திலும் காலை வைத்துப் பார்த்தால் எது நல்லதென்று தெரிந்துவிடும். வைத்த பிறகு எறிந்து முடியும்வரை குறியை நகர்த்தக் கூடாது.

டிஸ்க் கிளையில் மாட்டித் தொங்கினால் அதற்கு நேர் கீழே தரையில் குறியிட வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் மாட்டினால் ஒரு எறி அபராதம் என்பது, போட்டி இயக்குநர் முன்கூட்டியே அறிவித்திருந்தால் மட்டும்தான். குறிக்குப் பின்னால் கால் வைக்கவே முடியாதபடி பெரிய மரமோ பாறையோ சுவரோ இருந்தால், அதே கோட்டில் அந்தத் தடைக்குப் பின்னால் போய்ப் புது லை குறித்துக்கொள்ளலாம், அபராதம் இல்லை. கோட்டை விட்டுப் பக்கவாட்டில் நகர்வதற்கு மட்டும் அனுமதி கிடையாது.

கிளையைத் தொடாதே

எந்த விதியைவிடவும் அதிகம் மீறப்படுவது தடைகளைப் பற்றிய விதி என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலும் தெரியாமல்தான் மீறுகிறார்கள். புதருக்குள் நுழைகிறவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை ஒதுக்கி, இன்னொரு கிளைக்குப் பின்னால் சொருகி வைக்கிறார். எறியும் கைக்கு இடையூறாக இருக்கும் கொடியை முதுகால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். முளைத்து வரும் செடியைக் காலால் மிதித்து மடக்குகிறார். மூன்றும் பிழை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எறி அபராதம் உண்டு.

விதி சொல்வது இதுதான். மைதானத்தோடு சேர்ந்த எந்தத் தடையும் மிகக் குறைவாக அசையும்படியான நிலையைத் தேர்ந்தெடுத்து நிற்க வேண்டும். அசையவே கூடாது என்று சொல்லவில்லை. புதருக்குள் நிற்பவரின் உடம்பு இலையில் உரசத்தான் செய்யும். நிலை எடுத்த பிறகு, கை வீசுவதற்கு இடம் உண்டாக்குவதற்காக எதையும் நகர்த்தக் கூடாது. எறியும் வேகத்தில் கை கிளையில் பட்டு அது அசைந்தால் பிழையில்லை. எறிவதற்கு முன் ஒத்திகை என்ற பெயரில் நாலைந்து தடவை பலமாக வீசி இலைகளை உதிர்த்துக்கொள்கிற வழக்கம் சிலருக்கு உண்டு. அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. கையால் பறித்தால் தவறு என்று தெரிந்தவர் அதையே வீச்சால் செய்கிறார்.

தரையில் கிடக்கும் உதிர்ந்த கிளை, சருகு, கல் போன்றவற்றுக்குச் சலுகை உண்டு. நிற்பதற்காகக் கால் வைக்கப்போகும் இடத்தில் கிடந்தால் அவற்றை எடுத்துப் போடலாம். மரத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது காய்ந்த கிளையாக இருந்தாலும் கை வைக்கக் கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? பெரும்பாலான மைதானங்கள் பொதுப் பூங்காக்கள். ஒரே மரத்தடியில் ஆண்டு முழுக்க எத்தனையோ பேரின் டிஸ்க்குகள் வந்து விழுகின்றன. ஒவ்வொருவரும் ஒரு குச்சியை ஒடித்தால் போதும். சில மாதங்களில் அங்கே ஒரு ஜன்னல் உருவாகும், பிறகு அது வாசலாகும், அப்புறம் அந்தப் பக்கம் புதரே இருக்காது. வடிவமைத்தவர் வைத்த சவால் போய்விடும், மரமும் பட்டுப்போகும். நாம் ஒடித்த கிளை நமக்கு ஒரு எறியை மிச்சப்படுத்தியிருக்கலாம். அதற்கு விலை கொடுப்பது அடுத்து வருகிற எல்லோரும்.

இடைவெளியின் கணக்கு

மரங்களைப் பற்றி ஆடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது ஒன்று உண்டு: மரம் என்பது தொண்ணூறு சதவீதம் காற்றுதான். கன அளவில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். டிஸ்க் ஒரு புள்ளியாக இருந்து, ஒரு தளத்தை மட்டும் கடப்பதாக இருந்தால் அந்தக் கணக்கு செல்லும். உண்மையில் 21 செ.மீ. அகலமுள்ள ஒரு தட்டு, நாலைந்து மீட்டர் ஆழமுள்ள இலைத்திரளைக் கடக்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு கிளைக்கும் அதை நிறுத்த ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. கண்ணுக்கு ஓட்டை ஓட்டையாகத் தெரியும் மரம் பெரும்பாலும் டிஸ்க்கைப் பிடித்துவிடுவது இதனால்தான்.

மரங்களுக்கு நடுவே தெரியும் இடைவெளியையும் இப்படியே அளந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள இடைவெளி, ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்கின் அகலத்தைக் கழித்தால் அதன் மையம் போவதற்கு மிஞ்சுவது சுமார் 80 செ.மீ. கோணத்தில் சொன்னால் ஒன்பது டிகிரி. இடப்பக்கம் நாலரை, வலப்பக்கம் நாலரை டிகிரி பிசகினாலும் தப்பித்துவிடலாம். அதே இடைவெளி பதினைந்து மீட்டர் தள்ளி இருந்தால் மூன்றே டிகிரி. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை டிகிரிதான் பிழைக்கு இடம். கூடையைப் பார்த்த திசையில் இருக்கிறது என்பதற்காகத் தூரத்து இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதைவிட, வேறு திசையில் இருந்தாலும் பக்கத்தில் உள்ள இடைவெளி பல மடங்கு நல்லது.

எண்ணிக்கையிலும் பார்ப்போம். பார் 4, அதாவது நான்கு எறியில் முடிக்க வேண்டியதாக வைத்த ஒரு வழி. முதல் எறி புதருக்குள். பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, ஃபேர்வே எனப்படும் திறந்த பாதைக்கு வந்தால் மூன்றாவது எறியில் கூடைப் பக்கம் போய், நான்கில் முடிக்கலாம். சில நேரம் ஐந்தாகும். சராசரி 4.3 என்று வைத்துக்கொள்வோம். தூரத்து இடைவெளி வழியாகக் கூடையை நோக்கி எறிந்தால், போய்ச் சேரும்போது சராசரி 3.4. மரத்தில் பட்டால் இன்னும் ஆழமாக மாட்டிக்கொண்டு சராசரி 5.6. இந்த எண்களெல்லாம் எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொண்டவை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த இடைவெளியைப் பத்தில் ஆறு முறை தாண்ட முடிந்தால்தான் இரண்டும் சமமாகின்றன. லாபம் கிடைக்க வேண்டுமென்றால் அதற்கும் மேல்.

அதனால் புதருக்குள் நிற்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இது போகுமா?" என்பதைவிட, "இதே இடத்திலிருந்து பத்து டிஸ்க் எறிந்தால் எத்தனை போகும்?" என்பது. முதல் கேள்விக்கு ஆசை பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல, போன மாதம் எறிந்தவையெல்லாம் நினைவுக்கு வந்தாக வேண்டும்.

பக்கவாட்டில் வெளியே வருவதிலும் யோசனை தேவை. வெறுமனே திறந்த வெளிக்கு வந்தால் போதாது. அங்கிருந்து அடுத்த எறிக்குக் கூடை தெரிகிறதா, நமக்குப் பழக்கமான தூரம் மிஞ்சுகிறதா, நம் டிஸ்க் இயல்பாக வளையும் பக்கம் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்து எந்தப் பக்கம் வெளியேறுவது என்று முடிவு செய்ய வேண்டும். பத்து மீட்டர் கூடுதலாகப் பின்னால் போனாலும் நேரான பார்வை கிடைக்குமென்றால் பின்னால் போவதில் தவறே இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும் தருணமும் உண்டு. 2021-ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டனில் நடந்தது. கடைசி வழியில் ஜேம்ஸ் கான்ராட், பால் மெக்பெத்தைவிட ஒரு எறி பின்தங்கியிருந்தார். கூடை 247 அடி தொலைவில், அதாவது சுமார் 75 மீட்டரில். அருகே கொண்டுபோய் வைத்துவிட்டு முடித்தால் இரண்டாமிடம் உறுதி. அவர் நேராகக் கூடைக்குள் போட எறிந்தார். டிஸ்க் வளைந்து வந்து சங்கிலியில் விழுந்தது. சமநிலை. அதன்பின் நடந்த பிளே-ஆஃபில் அவரே வென்றார். அந்த எறியைப் பார்த்துத் துணிச்சலைக் கற்றுக்கொள்கிறவர்கள் அது நிகழ்ந்த சூழலையும் கவனிக்க வேண்டும். பாதுகாப்பான எறியால் அவருக்குக் கிடைக்கக்கூடியது எதுவுமே இல்லை. தவறினால் இழக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வழியிலோ ஏழாவது வழியிலோ புதருக்குள் நிற்கும் நமக்கு அந்தச் சூழல் வாய்ப்பதில்லை.

கைக்கு வந்த எறிகள்

வலக்கைக்காரர் கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் பேக்ஹேண்ட் வேகம் குறையும்போது இடப்பக்கம் வளையும். அதே கையைப் பக்கவாட்டிலிருந்து முன்னோக்கி வீசும் ஃபோர்ஹேண்ட் வலப்பக்கம் வளையும். இரண்டும் ஓரளவுக்காவது கையில் இருந்தால் எந்தப் புதரும் பாதி புதர்தான். ஒரே ஒரு எறி மட்டும் தெரிந்தவருக்கு மரத்தின் தவறான பக்கம் என்று ஒன்று எப்போதும் இருக்கும்.

புதருக்குள் ஓட்டம் எடுக்க இடமிருக்காது, ஓடி வந்தாலும் அந்தச் சின்னச் செவ்வகத்தில் கால் விழ வேண்டும். நின்ற நிலையில்தான் எறிய வேண்டியிருக்கும். வேகம் பாதியாகிவிடும். இங்கேதான் டிஸ்க் தேர்வில் தவறு நடக்கிறது. டிரைவர் என்ற வகை டிஸ்க்குகள் அதிக வேகத்தில் பறப்பதற்காகச் செய்யப்பட்டவை. பாதி வேகத்தில் விட்டால், வளைய வேண்டிய பக்கம் உடனே வளைந்து தரையில் விழுந்துவிடும். குறைந்த வேகத்துக்கான பட்டரோ மிட்ரேஞ்சோ அந்த மெதுவான வேகத்திலும் நேராகப் போகும். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் முதலாவது வேகம், கடைசி எண் இறுதியில் எவ்வளவு வளையும் என்பது. புதருக்குள் இரண்டுமே சிறிதாக இருப்பது நல்லது.

தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே போக மண்டியிட்டு எறிவதைப் போல நம்பகமான வழி வேறில்லை. கை விடும் உயரம் அரை மீட்டருக்கு இறங்கிவிடும். ஒரே ஆபத்து, கீழே இருக்கிறோம் என்பதால் நம்மையறியாமல் டிஸ்க்கின் மூக்கை மேலே தூக்கி விட்டுவிடுவது. அது நாலு மீட்டரில் எழும்பிக் கிளையில் மோதும். மணிக்கட்டு தட்டையாக, டிஸ்க்கின் முன்விளிம்பு சற்றே தாழ்ந்து போக வேண்டும்.

மேலே போக வழியே இல்லை, தரை கெட்டியாக இருக்கிறது என்றால் ரோலர். விளிம்பில் நிற்கும்படி விட்டால் டிஸ்க் சக்கரம் போல உருண்டு போகும், சாய்ந்த பக்கமாக வளையும். எங்கே நிற்கும் என்பதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் பக்கத்தில் தண்ணீரோ எல்லைக்கோடோ இருந்தால் நான் ரோலரை நினைக்க மாட்டேன்.

எதிரே மதில் போல மரங்கள், மேலே மட்டும் வானம் தெரிகிறது என்றால் தலைக்கு மேலாக எறியும் டோமஹாக், தம்பர் இரண்டும் கைகொடுக்கும். டிஸ்க் செங்குத்தாக ஏறும், பிறகு தலைகீழாகக் கவிழ்ந்து இறங்கும். இரண்டிலும் சுழற்சி நேரெதிர் என்பதால் ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் சரியும். செங்குத்தாகப் போகும்போது டிஸ்க் அடைத்துக்கொள்ளும் அகலம் மிகக் குறைவு. குறுகலான நெடுக்கு இடைவெளிக்கு அது பொருத்தம். தோளைச் சூடாக்காமல் முழு பலத்தில் எறிந்தால் வலி நிச்சயம். இடது கையால் ஐந்து மீட்டர் தட்டிவிடவும் பழகி வைத்திருப்பது நல்லது. ஆண்டில் மூன்று முறை பயன்படும், அந்த மூன்று முறையும் அதற்கு மாற்றே இருக்காது.

அபராதத்தை விலைகொடுத்து வாங்குவது

எறியவே முடியாத இடங்களும் உண்டு. தேங்கிய மழைத்தண்ணீர், குளவிக் கூடு, நிறுத்தி வைத்த வாகனம் என்றால் அபராதமில்லாமல் கோட்டில் பின்னால் போகலாம். முள்ளுக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்குத் தானாக முன்வந்து எடுக்கும் விலகல் இருக்கிறது. குழுவிடம் சொல்லிவிட்டு, கூடையிலிருந்து லை வழியாகப் போகும் அதே கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். ஒரு எறி அபராதம். பக்கவாட்டில் தட்டி வெளியே வருவதற்கும் ஒரு எறிதான் ஆகிறது. ஆகவே தட்டுவது ஓரளவு உறுதியென்றால் தட்டுவதே மேல். கையை அசைக்கவே இடமில்லை, அதே நேரம் கோட்டில் பத்து மீட்டர் பின்னால் வெட்டவெளி இருக்கிறது என்றால் விலகலை எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். அதை யாரும் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

எறிந்ததைக் கைவிடும் உரிமை இதைவிடச் சுவாரசியமானது. கடைசியாக எறிந்ததைக் கைவிடுவதாகக் குழுவிடம் அறிவித்துவிட்டு முந்தைய இடத்திலிருந்தே திரும்ப எறியலாம். எறிந்ததும் கணக்கில் சேரும், ஒரு எறி அபராதமும் சேரும். ஐந்து மீட்டரில் இருந்து போட்டது தவறி, டிஸ்க் விளிம்பில் நின்று சரிவில் அறுபது மீட்டர் உருண்டு புதருக்குள் போய்விட்டது என்று வையுங்கள். கீழேயிருந்து மேலே கொண்டுவர ஒன்று, கூடையில் போட ஒன்று, ஆக இரண்டு. கைவிட்டால் அபராதம் ஒன்று, அதே ஐந்து மீட்டரில் இருந்து போட ஒன்று, ஆக இரண்டு. எண் ஒன்றேதான். ஆனால் கீழேயிருந்து வருவது பிசகலாம். ஐந்து மீட்டர் பிசகுவது அரிது.

எல்லைக்கு வெளியே போய்விட்டால் ஒரு எறி அபராதத்தோடு, கடைசியாக உள்ளே இருந்த இடத்திலிருந்தோ முந்தைய லையிலிருந்தோ எறியலாம். பொதுவாக முதலாவதைத்தான் எடுக்கிறோம். கடைசியாக உள்ளே இருந்த இடம் ஒரு புதரின் நடுவே என்றால் திரும்பிப் போவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூட ஆடுகிறவர்கள்

இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் உடன் வருவதில்லை. மூன்று நான்கு பேர் கொண்ட குழுதான் எல்லாவற்றுக்கும் சாட்சி, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு. பிழை தெளிவாக நடந்திருந்தால் அதைச் சொல்வது ஆடுகிறவரின் கடமை என்று விதி சொல்கிறது. தீர்ப்பில் குழுவின் பெரும்பான்மை ஒத்துப்போகவில்லை என்றால், எறிந்தவருக்குச் சாதகமானதே ஏற்கப்படும். புதருக்குள் என்ன நடந்தது என்று வெளியே நிற்பவர்களுக்குப் பாதிதான் தெரியும். கால் குறியைத் தாண்டியதா, கிளை ஒடிந்தது எறிவதற்கு முன்பா பின்பா என்பதெல்லாம் உள்ளே நிற்பவருக்கு மட்டுமே உறுதியாகத் தெரியும். தன் பிழையைத் தானே சொல்கிறவரோடு ஒரு சுற்று ஆடிப்பாருங்கள், அந்தக் குழுவில் சச்சரவே எழாது.

நண்பர் தெரியாமல் கிளையைச் சொருகுகிறார் என்றால், அவர் எறிவதற்கு முன்பே "அதை விட்டுடுங்க, நகர்த்தினா பெனால்டி" என்று சொல்லிவிடுவது நட்பு. எறிந்து, கூடைக்கு அருகில் விழுந்த பிறகு சொல்வதும் விதிப்படி சரியாக இருக்கலாம். மனசு கசந்துவிடும்.

டிஸ்க் காணாமல் போனால் தேடுவதற்கு மூன்று நிமிடம். தேடத் தொடங்குவதாக அறிவித்ததிலிருந்து நேரம் ஓடும். கிடைக்கவில்லை என்றால் ஒரு எறி அபராதம், முந்தைய லையிலிருந்து மறுபடி எறி. அதனால்தான் ஒருவர் எறியும்போது மற்றவர்கள் அந்த டிஸ்க் போய் விழுவதுவரை பார்க்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்பது அடுத்தவரின் ஒரு எறியைப் பறிக்கக்கூடும். தேட மறுப்பதும் மரியாதைக்குறைவு என்றே விதி கணக்கில் கொள்கிறது. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை ஒரு எறி அபராதம். கத்துவது, திட்டுவது, பையை உதைப்பது, கூடையை அடிப்பது எல்லாம் அதே கணக்கில்தான் வரும். மரத்தில் பட்டவுடன் வாயில் வருவதை அடக்குவது கஷ்டம்தான். பக்கத்தில் குழந்தையோடு நடந்து போகிறவர்கள் நம் ஆட்டத்தைப் பார்ப்பது அந்த ஒரு நொடியில்தான்.

மீட்பு எறிக்கென்றே ஒரு பாதுகாப்பு முறை இருக்கிறது. புதருக்குள் இருந்து எறிகிறவருக்கு ஃபேர்வே முழுதாகத் தெரியாது. வெளியே யார் நிற்கிறார்கள், அடுத்த டீயில் குழு இருக்கிறதா, பாதையில் ஆள் வருகிறாரா என்று கூட ஆடுகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மரத்தண்டில் பட்ட டிஸ்க் வேகமாகத் திரும்பி வரலாம். புதருக்குப் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்ப்பது ஆபத்து. எறிபவருக்குப் பின்னால், தடித்த மரம் ஒன்றை மறைவாகக் கொண்டு நிற்பது நல்லது. டிஸ்க் ஆளை நோக்கிப் போகிறது என்றால் "ஃபோர்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். பூங்காவில் நடப்பவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், ஆள் தெரிந்தாலே எறியாமல் காத்திருப்பதுதான் முறை.

லைக்குப் போய்ச் சேர்ந்து, நம் முறை வந்து, வழியும் தெளிவாக இருந்தால் எறிவதற்கு 30 விநாடி அவகாசம். மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு ஒரு எறி. நின்று பார்ப்பது, மண்டியிட்டுப் பார்ப்பது, டிஸ்க் மாற்றுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மற்றவர்கள் எறிந்துகொண்டிருக்கும்போதே, அவர்கள் கண்ணில் படாதபடி, நம் புதரைப் படித்து வைத்துக்கொண்டால் இந்த நேரம் தாராளமாகப் போதும். பின்னால் வேகமாக வரும் சிறு குழு காத்துக்கொண்டிருந்தால், டிஸ்க்கைத் தேடும் நேரத்தில் அவர்களை முன்னே விட்டுவிடலாம்.

கூடையில் போட்டு முடித்ததும் எண்ணிக்கையை அபராதத்தோடு சேர்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். புதருக்குள் இரண்டு, அபராதம் ஒன்று, மொத்தம் ஆறு என்றால் "ஆறு". அட்டையில் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு இரண்டு எறி அபராதம். அடுத்த டீயில் குறைவாக எடுத்தவர் முதலில் எறிவார், ஆறு எடுத்தவர் கடைசியில். முன்னால் எறியும் மூன்று பேரின் டிஸ்க்குகளும் காற்றில் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு நேரம் இருக்கிறது.